தண்ணீர் எடுக்க வந்தவர்களும் திரும்பி வராதவரும்

வெளிநாட்டுப் படங்களுக்குத் தமிழ் எழுதவும் பேசவும் வந்திருக்கிற பிள்ளைகளே, உங்களுக்கு இப்போது கண்ணாடி அறை இருக்கிறது. தப்பாகப் பேசிவிட்டால் அழித்துவிட்டு மறுபடி பேசலாம். அதே வேலையை நான் காரைக்குடியில் ஒரு தியேட்டரில், பால்கனி மூலையில், ஆடுகிற ஸ்டூலில் உட்கார்ந்து செய்தேன். முன்னால் திரை, கையில் மைக், கீழே இருட்டில் சனம். வாயை விட்டுப் போனதைத் திரும்ப எடுக்க வழி கிடையாது.

எனக்குப் படிப்பு அதிகம் இல்லை. பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பில் இங்கிலீஷ் பாடம் என்னைக் கீழே தள்ளிவிட்டது. தள்ளிவிட்ட அந்த இங்கிலீஷே பிறகு என் பிள்ளைகளுக்குச் சோறு போட்டது. முருகனுடைய விளையாட்டு என்று நினைத்துக்கொள்வேன்.

எங்கள் தியேட்டரில் இங்கிலீஷ் படம் என்றால் காலைக் காட்சிதான். காலேஜ் பிள்ளைகள் கொஞ்சம் பேர் வருவார்கள். மிச்ச நாற்காலி எல்லாம் காலியாகக் கிடக்கும். சந்தைக்கும் கடைக்கும் வந்த சனத்தையும் உள்ளே இழுக்க முதலாளி ஒரு வழி கண்டார். படம் ஓடும்போதே ஒருவன் மைக்கில் தமிழில் கதை சொல்லவேண்டும். அப்போது நான் விளம்பர வண்டியில் உட்கார்ந்து தெருத் தெருவாகக் கூவிக்கொண்டிருந்தேன். ஒருநாள் கூப்பிட்டு, "ஒனக்குத்தான் தொண்ட இருக்கே, வெயில்ல கத்துறத நெழல்ல கத்து" என்றார். வேலை மாறிவிட்டது.

படப்பெட்டி வந்ததும் ஆபரேட்டர் ராவுத்தர் எனக்காக ஒரு தடவை ஓட்டிக் காட்டுவார். பெட்டியோடு வருகிற கதைச் சுருக்கத்தை ஒரு பள்ளிக்கூட வாத்தியார் படித்துச் சொல்வார். பிறகு நெற்றியில் திருநீறு, குன்றக்குடி இருக்கிற திசையைப் பார்த்து ஒரு கும்பிடு, அப்புறம் மைக். வசனத்தை வரிக்கு வரி சொல்கிற வித்தை எனக்கு வராது. இவர் யார், அவர் யார், இப்போது என்ன நடக்கிறது என்று சொல்வேன். திரையில் இருப்பதைச் சொல்லவேண்டும், இல்லாததைச் சொல்லக்கூடாது என்று நானாக ஒரு கட்டு வைத்திருந்தேன். எவரும் கற்றுக்கொடுக்கவில்லை. சாமி கும்பிட்டுவிட்டு உட்கார்ந்து பொய் சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

அந்தக் கட்டை இரண்டு படங்கள் சோதித்துப் பார்த்தன. இரண்டும் வேற்று உலகத்தார் பூமியில் வந்து இறங்குகிற கதை. ஒன்றின் தொடர்ச்சி மற்றது. முதல் படம் அறுபதுகளின் நடுவில் வந்தது. அது எந்த ஊரிலும் ஓடவில்லை என்று பிற்பாடு சொன்னார்கள். எங்கள் ஊரில் ஓடாததை நானே பார்த்தேன்.

அது ஓடாததற்கு எங்கள் போஸ்டரும் ஒரு காரணம். கம்பெனியிலிருந்து படம் போட்ட காகிதம் வரவில்லை. முதலாளி உள்ளூர் ஓவியரிடம் சொல்லி வரையச் சொன்னார். வேற்று உலகத்தார் என்றதும் அவர் எட்டுக் கை, ஒற்றைக் கண், வாயிலே நெருப்பு என்று ஒன்றை வரைந்து தேர் நிற்கிற தேர்முட்டிப் பக்கம் நிறுத்திவிட்டார். படத்திலோ வந்தவர்களின் உருவமே கிடையாது. ராத்திரியில் சுவரில் ஒரு நிழல் போகும், அதன் விரல் கிணற்றுக்குள் நீளும், தண்ணீர் இறங்கிக்கொண்டே போகும். மறுநாள் காலையில் கிணற்றில் தண்ணீர் இருக்காது. அப்புறம் ஆறு வற்றும், குளம் வற்றும். யாரையும் அடிக்கவில்லை, எதையும் எரிக்கவில்லை. தண்ணீரை மட்டும் எடுத்தார்கள். முதல் காட்சியில் பாதிப் பேர், "எட்டுக்கையன் எங்கய்யா? எப்ப வருவான்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

ஆனால் ஆறு வற்றுகிற இடத்தில் சத்தம் நின்றுவிட்டது. கோடையில் ஊருணியின் அடிமண் வெடித்துக் கிடப்பதைப் பார்த்துப் பழகிய சனம். அதற்கு நான் தமிழில் ஒன்றும் சொல்லவேண்டியிருக்கவில்லை. மைக்கை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

வந்தவர்களை எப்படிச் சொல்வது என்பதில் முதலாளிக்கும் எனக்கும் பேச்சு வந்தது. அசுரர் என்று சொல்லச் சொன்னார், சனத்துக்குச் சட்டென்று விளங்கும் என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. சூரனுக்கே மயிலாகவும் சேவலாகவும் தன் பக்கத்தில் இடம் கொடுத்த சாமியைக் கும்பிடுகிறவன் நான். யாரென்றே தெரியாத ஒருவருக்கு அந்தப் பேரை எப்படி வைப்பது? "வந்தவுக" என்றே சொன்னேன். கீழே ஒருவர், "தண்ணியத் திருடுறவனுக்கு என்னய்யா மருவாதி?" என்றார். "யாருன்னு தெரியிற மட்டும் அப்படித்தாங்க" என்றேன். சிரித்தார்கள். அந்தப் படத்துக்கு எங்கள் ஊரில் கிடைத்த கைதட்டல் அது ஒன்றுதான்.

முடிவைச் சொல்கிறேன். அந்த ஊரில் பம்பு ரிப்பேர் பார்க்கிற ஒருவர் இருக்கிறார். வந்தவர்களோடு எப்படியோ பேசி, இந்த ஊர்த் தண்ணீரை விட்டுவிடுங்கள், தண்ணீர் நிறைய இருக்கிற இடத்தை நான் காட்டுகிறேன் என்று சொல்லி, அவர்களோடு போய்விடுகிறார். ஒரு வெளிச்சத்துக்குள் நடந்து போகிறார். அவர் மனைவி வாசலில் நின்று பார்க்கிறாள். அவள் முகத்தைக்கூடக் காட்டவில்லை, முதுகுதான். படம் முடிந்து விளக்குப் போட்டுவிட்டார்கள். சனம் எழுந்திருக்கவில்லை, இன்னும் இருக்கிறது என்று நினைத்தார்கள்.

"ஆளு செத்தானா, இருக்கானா? சொல்லுய்யா" என்று கீழேயிருந்து கேட்டார்கள். "போனாரு. அதுக்கு மேல படத்துல சொல்லலைங்க" என்றேன். கூச்சல் போட்டுக்கொண்டு வெளியே போனார்கள்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். அவர் கெட்டவர் இல்லை, தொழில் தெரிந்தவர். "செத்துட்டான்னு சொல்லு, இல்ல வந்துருவான்னு சொல்லு. ரெண்டுல ஒண்ணச் சொல்லி அனுப்பு. சனம் கையில ஒண்ணும் இல்லாமப் போகுது பாரு" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது, இன்றைக்கும் அதை மறுக்கமாட்டேன். ஆனாலும் அடுத்த காட்சியிலும் அதையேதான் சொன்னேன். இரண்டாவது வாரம் அந்தப் படம் இல்லை.

அந்தப் படத்தை ஒரு காட்சி விடாமல் பார்த்தவர் ஒரே ஒருவர். பெண்கள் பக்கத்து வாசலில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த காமாட்சியக்கா. அவர் வீட்டுக்காரர் தச்சு வேலை செய்கிற ஆசாரி. பர்மாவில் மர மில்லில் வேலை என்று கப்பலேறிப் போனவர். அங்கே சட்டம் மாறி, நம்மவர்களை அனுப்பிவிட்டார்கள் அல்லவா, அப்போது கப்பல் கப்பலாகச் சனம் திரும்பி வந்தது. அவர் வரவில்லை. வந்தவர்களில் ஒருவர் அவரைத் துறைமுகத்தில் பார்த்ததாகச் சொன்னார். இன்னொருவர், மேற்கே காட்டுப் பக்கம் போய்விட்டார் என்றார். எவரும் செத்துப்போனார் என்று சொல்லவில்லை. உயிரோடு இருக்கிறார் என்று சொல்லவும் ஆள் இல்லை.

கடைசிக் காட்சி முடிந்து வாசல் திரைச்சீலையைக் கட்டிக்கொண்டே அக்கா என்னிடம் கேட்டார். "எல்லாரும் அத்தன சத்தம் போட்டாகளே தம்பி. ஏதாவது ஒண்ணச் சொல்லியிருந்தா நல்ல பேராப் போயிருக்குமே. ஏன் சொல்லல?"

"தெரியலையேக்கா. தெரியாதத எப்படிச் சொல்ல."

"அது சரி" என்றார். திரைச்சீலை முடிச்சை இறுக்கினார்.

இரண்டாவது படம் வந்தபோது எழுபதுகள் பிறந்துவிட்டன. வரவேண்டிய தமிழ்ப் படம் வராமல் போய், முதலாளி அவசரத்துக்கு இதைப் பிடித்துப் பகல் காட்சியிலிருந்தே போட்டார். கலர் படம். இந்தத் தடவை அச்சடித்த போஸ்டர் வந்திருந்தது. அதில் பம்புக்காரர் வீட்டு வாசலில் நிற்கிறார், மனைவி கையை விரித்துக்கொண்டு ஓடி வருகிறாள், பின்னால் ஒரே நெருப்பு. முதலாளி அதைப் பார்த்ததும், "போனவர் திரும்பி வந்துவிட்டார்" என்று ஒரு வாசகம் சொல்லி, ரிக்சாவில் மைக் கட்டி என்னைக் கோட்டையூர் வரைக்கும் அனுப்பினார். அதைச் சொல்லிக்கொண்டே காமாட்சியக்கா இருந்த தெருவுக்குள்ளும் போனேன்.

அந்தச் சமயத்தில் அக்கா வீட்டில் ஒரு பேச்சு முற்றிக்கொண்டிருந்தது. அக்காவின் கொழுந்தன் மகளுக்குக் கல்யாணம் கூடியிருந்தது. மாப்பிள்ளை ஆத்தங்குடியில் பூப்போட்ட தரைக்கல் செய்கிற பட்டறையில் வேலை. அக்காதான் அந்தப் பெண்ணை வளர்த்தவர். அவர்கள் வழக்கத்தில் தாலிக்குப் பொன் உருக்குகிற அன்று பெண் வீட்டின் மூத்த சுமங்கலி முதல் ஆளாகப் பொன்னுக்குக் குங்குமம் வைக்கவேண்டும். மூத்தவர் அக்காதான். மாப்பிள்ளையின் அம்மா ஒரே கேள்வி கேட்டார்: பெண்ணின் பெரியம்மா சுமங்கலியா, இல்லையா? இரண்டில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

கொழுந்தனுக்கு வழி ஒன்றுதான் தெரிந்தது. காணாமல் போனவருக்குத் தர்ப்பையில் உருவம் செய்து கொள்ளி வைத்து முடித்துவிடலாம். முடித்துவிட்டால் அக்கா தாலியைக் கழற்றவேண்டும், கல்யாணத்தில் பின்னால் போய் உட்காரவேண்டும். கொழுந்தனும் கெட்ட மனிதர் இல்லை. மகளுக்கு வந்த இடம் கலைந்துவிடுமே என்ற பயம். அக்கா மாட்டேன் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. பொன்னுருக்குக்கு முன்னால் ஒரு பதில் சொல்லியாகவேண்டும்.

பகல் காட்சிக்கு முன்னால் அக்கா என்னிடம் வந்தார். "நெசமாவே அந்த ஆளு திரும்பி வாராரா தம்பி?"

"போஸ்டர்ல அப்படித்தான் இருக்கு. படம் இன்னும் நான் பாக்கலக்கா."

"சம்பந்தியம்மா பட்டு எடுக்க வந்திருக்காக. மாட்னிக்குக் கூட்டியாந்திருக்கேன். அவுகளும் பாக்கட்டும்."

எதைப் பார்க்கட்டும் என்று அக்கா சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்கு அது சரியாகப் படவில்லை. சினிமாவை நம்பி இவ்வளவு பெரிய காரியத்தைக் கொண்டுவந்து வைக்கிறாரே என்று நினைத்தேன். ஆனால் மனிதர்கள் அப்படித்தான் வருவார்கள். நீங்கள் பேசுகிற படத்துக்கும் அப்படி யாரோ வந்துகொண்டுதான் இருப்பார்கள்.

படப்பெட்டி மதுரை பஸ்ஸில் தாமதமாக வந்து இறங்கியது. ஓட்டிப் பார்க்க நேரம் இல்லை. கதைச் சுருக்கமும் இல்லை. ராவுத்தர் ரீலை மாட்டிக்கொண்டே, "மாப்ள, இன்னிக்கு நீயும் டிக்கெட் வாங்கின ஆளு மாதிரிதான். சனத்தோட சனமாப் பாத்துக்க, கொஞ்சம் முந்திப் பாத்துக்க" என்றார்.

படம் ஆரம்பித்த உடனேயே ஒரு சங்கடம். பம்புக்காரராக முன்பு நடித்தவரே நடிக்கிறார். ஆனால் மனைவியாக நடித்தவள் வேறு ஆள். முதல் படத்தைப் பார்த்திருந்த ஒன்றிரண்டு பேர், "பொண்டாட்டிய மாத்திட்டாங்கடோய்" என்றார்கள். "ஆள்தான் வேற, அதே பொண்டாட்டிதாங்க" என்று நான் மைக்கில் சொல்ல, தியேட்டரே சிரித்தது. ராவுத்தர் புரொஜக்டர் ஓட்டை வழியாக, "இந்தச் சலுகை எங்களுக்கும் உண்டா மாப்ள" என்றார்.

பிறகு கதவு தட்டுகிற இடம் வந்தது. மனைவி திறக்கிறாள், அவர் நிற்கிறார். அதே முகம், அதே நடை. "போனவரு வந்துட்டாரு" என்றேன். கைதட்டல். நான் இருந்த இடத்திலிருந்து கீழே பெண்கள் பக்கம் கொஞ்சம் தெரியும். வாசல் திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு அக்கா நின்றார். சம்பந்தியம்மா எந்த இடத்தில் இருந்தார் என்று தெரியவில்லை.

மனைவி அவரை உட்காரவைத்து ஒரு கிளாஸில் தண்ணீர் கொண்டுவந்து வைக்கிறாள். அவர் கிளாஸைத் தூக்கவில்லை. ஒரு விரலை மட்டும் தண்ணீருக்குள் விடுகிறார். தண்ணீர் இறங்கிக்கொண்டே போய் அடியில் ஈரம்கூட இல்லாமல் ஆகிறது.

அந்த இடத்தில் எனக்கு விளங்கிவிட்டது. முதல் படத்தில் கிணறு அப்படித்தான் இறங்கும். வந்திருப்பது அவர் இல்லை. அவர் உருவத்தில் வந்தவர்களில் ஒருவர்.

ஆனால் தியேட்டருக்கு விளங்கவில்லை. முதல் படத்தைப் பார்த்தவர்களே ஒன்றிரண்டு பேர், அவர்களுக்கும் அது நினைவில் இல்லை. தண்ணீர் எங்கே போயிற்று, மந்திரமா என்று பேசிக்கொண்டார்கள். விளங்கியவர்கள் மூன்று பேர்: நான், ராவுத்தர், காமாட்சியக்கா. அக்கா திரையை விட்டுத் திரும்பி மேலே என் மூலையைப் பார்த்தார். இருட்டில் முகம் தெரியவில்லை. தலை திரும்பியது தெரிந்தது.

மைக்கின் வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டேன். பிள்ளைகளே, இந்த இடத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல நினைத்தேன். சொல்லாமல் விட்டால் ஒருவரும் கண்டுபிடிக்கப்போவதில்லை. கொஞ்ச நேரமாவது வந்தவர் புருஷனாகவே இருப்பார். அல்லது, புருஷன் தவம் செய்து வரம் வாங்கி வந்திருக்கிறார், அதனால் விரலாலேயே தண்ணீர் குடிக்கிறார் என்று சொன்னால் அதையும் நம்புவார்கள். இன்னும் விசேஷமாக நம்புவார்கள். சம்பந்தியம்மா மனசு இளகி வீட்டுக்குப் போவார். ஒரு பொய்யில் ஒரு பெண்ணின் தாலி நிற்கும் என்றால் சொன்னால்தான் என்ன என்று மனசு கேட்டது. முருகா என்று மட்டும் சொல்லிக்கொண்டேன். 

ஒன்று யோசித்தேன். அடுத்த ரீலில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நான் வரம் என்று சொன்ன வாய் மூடுவதற்குள், அந்த ஆள் தோலை உரித்துக்கொண்டு வெளியே வந்தால்? அப்போது திரையும் என் பேச்சும் வேறு வேறாகிவிடும். அந்த அம்மாள் கண்ணால் பார்த்ததை நம்புவாரா, காதால் கேட்டதையா? பொய்யின் பேரில் நிற்க வைத்ததைப் பொய் விழும்போது யார் பிடிப்பது?

"என்ன மாப்ள, தூங்கிட்டியா?" என்றார் ராவுத்தர்.

கையை எடுத்தேன். "நல்லாப் பாருங்க. தண்ணிய அவரு குடிக்கல. விரல் வழியாப் போகுது. மொதப் படத்துல கெணத்துத் தண்ணிய வந்தவுக இப்படித்தான் எடுத்தாக. வந்திருக்கிறது அவரு இல்ல."

தியேட்டர் அடங்கிவிட்டது. ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல், சத்தமாக, "அப்ப புருசன் செத்துட்டானா?"

அந்தக் கேள்வி வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. திரையில் அதற்குப் பதில் இல்லை. மனைவி காலிக் கிளாஸைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள், அவ்வளவுதான். முதலாளி புரொஜக்டர் அறைக் கதவருகே வந்து நிற்பது தெரிந்தது.

"இவரு அவரு இல்லைங்கிறது மட்டுந்தான் இப்பத் தெரியும்" என்றேன். "இவரு பொய்யாப் போனதுனால அவரு செத்ததா ஆகிறாது. அவரு இருக்காரா இல்லையான்னு இன்னும் படத்துல சொல்லல. சொன்னா ஒடனே சொல்றேன்."

அக்கா திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார். முதலாளி உள்ளே போய்விட்டார்.

சொல்லவில்லை. கடைசி வரை படம் அதைச் சொல்லவே இல்லை. அந்தக் கிளாஸ் காட்சிக்குப் பிறகு படம் படமாக இல்லை. ரப்பர் உடுப்புப் போட்ட ஆட்கள் குதித்தார்கள். ஒருவருக்கு முதுகில் பித்தான் தெரிந்தது. பட்டாளம் வந்தது, பீரங்கி வெடித்தது, வந்தவர்களின் கப்பல் எரிந்து விழுந்தது. எல்லாரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். போனவர் என்ன ஆனார் என்பதைப் படம் எடுத்தவர்கள் மறந்தே போனார்கள். நானும் ஒவ்வொரு காட்சியாக இதிலாவது வருமா, இதிலாவது வருமா என்று பார்த்துக்கொண்டே போனேன். விளக்குப் போட்டுவிட்டார்கள். இந்தப் படத்துக்கு விசில் பறந்தது. நன்றாக ஓடவும் செய்தது.

நான் படியிறங்கி வந்தபோது சம்பந்தியம்மா பெண்கள் வாசலில் பட்டுப் பையை இடுக்கிக்கொண்டு எனக்காகவே நின்றிருந்தார். குள்ளமாக, கறாரான முகமாக இருந்தார். அக்கா அந்தப் பக்கம் கிழித்த டிக்கெட்டுகளைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"கத சொன்னது நீங்கதான? அந்த நெச புருசன் என்ன ஆனாரு?"

"படத்துல சொல்லலம்மா."

"சொன்னா ஒடனே சொல்றேன்னீகளே."

"கடைசி வர வரலம்மா. எடுத்தவுக மறந்துட்டாக."

"அது எப்படி மறக்கலாம்? அத்தன வெடி வெடிக்கத் தெரியுதுல்ல? அந்தப் பொம்பளைக்கு ஒரு பதிலச் சொல்லணுமா வேணாமா? அவ என்னன்னு வீட்டுல ஒக்காந்திருப்பா?"

 இது நான் பதில் சொல்லவேண்டிய கேள்வி இல்லை என்று பட்டது. அக்கா விளக்குமாற்றை நிறுத்தினார்.

"பதில் வரலைன்னா செத்ததா வச்சுக்கச் சொல்றீகளா சம்பந்தி?"

அந்த அம்மாள் திரும்பிப் பார்த்தார். கேள்வி எங்கே வந்து நிற்கிறது என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. பட்டுப் பையை மறுபக்கம் மாற்றி இடுக்கிக்கொண்டார். பிறகு குரலை இறக்கி, "படத்துல அவ வந்தவன விரல வச்சே கண்டுபிடிச்சுட்டா. ஒங்க வாசல்ல நாளைக்கு ஒருத்தரு வந்து நின்னா என்ன கேப்பீக?" என்றார்.

"ஒண்ணும் கேக்க மாட்டேன். மொதல்ல சோத்தப் போடுவேன். தின்னு முடிச்ச பெறகு, இத்தன நாளு எங்குட்டுக் கெடந்தீகன்னு கேப்பேன்."

"அவரா இல்லாமப் போனா?"

"பசிச்சு வந்தவருதான. தின்னுட்டுப் போகட்டும்."

சம்பந்தியம்மா சிரித்தார். சிரிப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆத்தங்குடி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டே வெளியே போனார்கள். நான் அடுத்த காட்சிக்கு மேலே ஏறினேன்.

இதில் நான் என்ன செய்தேன் என்று கேட்டால், பெரிதாக ஒன்றும் இல்லை. தெரிந்ததைத் தெரிந்த அளவுக்குச் சொன்னேன், அதற்குமேல் வாயை அடக்கிக்கொண்டேன். படம் அழகாகச் சொல்லும்போது நமக்கு வேலை குறைவு. படம் மோசமாக இருக்கும்போதுதான் நாமாக எதையாவது போட்டு ஓட்டையை அடைக்கலாம் என்று கை துறுதுறுக்கும். அடைக்காதீர்கள். அந்த ஓட்டை வழியாகவும் யாராவது எதையாவது பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த முதல் படம் நல்ல படம். இன்றைக்கும் சொல்வேன். இரண்டாவது படத்தில் நல்லது அந்தத் தண்ணீர்க் கிளாஸ் ஒன்றுதான், ஆனால் அது எங்கள் ஊரில் செய்த வேலையை முதல் படம் செய்யவில்லை. இதற்கு என்ன கணக்கு என்று எனக்குத் தெரியாது.

அக்காவின் வீட்டுக்காரர் வந்தாரா என்று கேட்பீர்கள். நான் வேலையை விட்டு ஓய்ந்த வரைக்கும் வரவில்லை. தர்ப்பை உருவமும் யாரும் செய்யவில்லை.

பொன்னுருக்கு அன்று எனக்கும் அழைப்பு இருந்தது, போயிருந்தேன். அதுவரைக்கும் அக்கா பதில் சொல்லவும் இல்லை, சம்பந்தியம்மா மறுபடி கேட்கவும் இல்லையாம். முற்றத்தில் உமி மூட்டி, குகை என்கிற சின்ன மண் கிண்ணத்தில் பொன்னைப் போட்டு, உறவில் ஒருவர் ஊதுகுழலால் ஊதிக்கொண்டிருந்தார். பொன் இளகிக் கண் மாதிரி மின்னியது. சுமங்கலிகள் முன்னால் வரலாம் என்றார்கள். பெண்கள் எழுந்தார்கள். காமாட்சியக்கா தூணோரமாக உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே இருந்தார். கொழுந்தன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் எல்லாரும் சம்பந்தியம்மா முகத்தைப் பார்த்தார்கள்.

அந்த அம்மாள் குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு நேராகத் தூணுக்குப் போனார்.  சிமிழை அக்கா கையில் வைத்து அழுத்தி, "எந்திரிங்க, நெருப்பு ஆறுது" என்றார்.